கட்டணம் வாங்கிக்கொண்டு கதவடைத்த பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் ஒன்றின் கல்விக்குழுவில் நான் உறுப்பினராக இருந்த காலத்தில், ஒரு மாணவியின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்ட விவகாரம் எங்கள் முன் வந்தது. அவர் இளநிலையில் படித்த பாடம் முதுநிலைச் சேர்க்கைக்கு இணையானது அல்ல என்பது, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பட்டச் சான்றிதழ் தயாரிக்கும் நேரத்தில்தான் அலுவலகத்தின் கண்ணில் பட்டது. அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. விண்ணப்பத்திலேயே எல்லாம் இருந்தது. கல்லூரி சேர்த்துக்கொண்டது. பல்கலைக்கழகம் அச்சேர்க்கையை ஏற்றது. நான்கு பருவங்களுக்கும் கட்டணம் வாங்கியது, ஹால் டிக்கெட் கொடுத்தது, மதிப்பெண் பட்டியலும் வழங்கியது. விதி விதிதான் என்றார்கள் ஓரிருவர். இரண்டு நிமிடங்களில் தீர்மானம் நிறைவேறியது. நான் வாய் திறக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களுக்குள் யார் நுழையலாம் என்று தீர்மானிக்கும் அமைப்புகளின் பொருளாதாரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கின் வாழ்க்கை முழுமையாக எனக்கு அறிமுகமாயிற்று. பெண்களுக்கு மருத்துவக் கல்வியைப் பெற்றுத் தந்த போராளி என்று அவரைப் பலரும் அறிவர். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய போராட்டத்தைவிட, அவர் தோற்ற வழக்குதான். அதைப் படிக்கையில் எங்கள் கல்விக்குழுவின் அந்த இரண்டு நிமிடங்கள் மீண்டும் நினைவுக்கு வந்தன.

சோஃபியா 1840-ஆம் ஆண்டு ஜனவரி 21 அன்று இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஓய்வுபெற்ற சட்ட அறிஞர். வசதியும் இறைப்பற்றும் மிக்க குடும்பம். 1858-இல் லண்டன் குயின்ஸ் கல்லூரியில் சேர்ந்த சோஃபியா, கணிதத்தில் காட்டிய திறமையால் அடுத்த ஆண்டே அங்குப் பயிற்றுநராக அழைக்கப்பட்டார். தந்தை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கற்பிக்கலாம், ஆனால் ஊதியம் வாங்கக் கூடாது. கூலி வாங்குவது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு இழுக்கு என்பது அவர் கருத்து. மகள் எழுதிய பதில் கடிதங்கள் இன்றும் படிக்கத் தக்கவை. சகோதரன் உழைத்துச் சம்பாதித்தால் பெருமை, தான் உழைத்துச் சம்பாதித்தால் சிறுமை என்பது எப்படி என்று 19 வயதில் அவர் கேட்டிருக்கிறார். பெண்ணின் உழைப்புக்கு விலை வைக்கக் கூடாது என்ற அந்தக் கருத்துக்குப் பொருளியல் பாடநூல்களில் விடை கிடையாது. நானும் தேடியிருக்கிறேன்.

1865-இல் அமெரிக்கா சென்றார். பள்ளிகளையும் கல்லூரிகளையும் பார்த்து அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாஸ்டன் நகரில் பெண்களே நடத்திய மருத்துவமனையில் லூசி சூவல் என்ற மருத்துவருக்கு உதவியாக இருந்தபோதுதான், தாமும் மருத்துவராவது என்று முடிவு செய்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார், மறுப்பு வந்தது. நியூயார்க்கில் எலிசபெத் பிளாக்வெல் தொடங்கியிருந்த மகளிர் மருத்துவக் கல்லூரியில் 1868-இல் படிக்கத் தொடங்கிய சில வாரங்களில் தந்தையின் மரணச் செய்தி வந்தது. தாய்க்குத் துணையாக நாடு திரும்பினார்.

அந்நாளைய பிரிட்டனில் மருத்துவத் தொழிலுக்குள் நுழையும் வழியை இங்கே சற்று விளக்க வேண்டும். 1858-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் பதிவேடு ஒன்றை உருவாக்கியது. பெயர் அதில் இருந்தால்தான் சட்டப்படி மருத்துவர். பதிவேட்டில் ஏற, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்த 19 அமைப்புகளுள் ஒன்று தேர்வு நடத்தி உரிமமோ பட்டமோ தர வேண்டும். சூரிச்சிலோ பாரிசிலோ பெற்ற பட்டம் செல்லாது. எந்த அமைப்பும் பெண்ணைச் சேர்க்காது. ஒரே ஒரு பிளவு இருந்தது. எலிசபெத் காரெட் என்ற பெண் மருந்தாளர் சங்கத்தின் விதிகளில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 1865-இல் உரிமம் பெற்றுவிட்டார். உடனே அச்சங்கம் விதியைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. பெண்களைத் தடுக்கும் சட்டம் என்று எங்கும் எழுதப்படவில்லை. 19 கதவுகளும் தனித்தனியே சாத்தப்பட்டிருந்தன, அவ்வளவுதான். சந்தைக்குள் நுழைவதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை வகுப்பறையில் நான் தந்ததில்லை.

1869 மார்ச்சில் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு சோஃபியா விண்ணப்பித்தார். மருத்துவத் துறை ஒப்புக்கொண்டது. பேராசிரியர்களின் அவையான செனட்டஸும் ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் இருந்த அமைப்புக்கு ‘கோர்ட்’ என்று பெயர். அது நீதிமன்றம் அன்று, நம் சிண்டிகேட்டைப் போன்ற ஆட்சிக்குழு. ஒரே ஒரு பெண்ணுக்காகத் தனி ஏற்பாடுகள் செய்ய இயலாது என்று ஆட்சிக்குழு மறுத்துவிட்டது. மறுப்பிலேயே வழியும் இருந்ததை சோஃபியா கண்டுகொண்டார். ஒருவர்தானே குறை? செய்தித்தாள் வழியே துணை தேடினார். இசபெல் தார்ன், எடித் பீச்சி, மாடில்டா சாப்ளின், ஹெலன் எவான்ஸ் ஆகியோர் வந்து சேர்ந்தனர். பிறகு மேரி ஆண்டர்சனும் எமிலி போவெலும் இணைய, எழுவர் ஆயினர். அக்டோபரில் நடந்த நுழைவுத் தேர்வை 152 பேர் எழுதினர். அவர்களில் ஐவர் பெண்கள். முதல் ஏழு இடங்களில் நான்கு அப்பெண்களுக்குக் கிடைத்தன. நவம்பரில் அவர்கள் முறைப்படி பதிவு செய்துகொண்டனர். பெண்களை மாணவியராகப் பதிவு செய்த முதல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் என்ற பெயர் எடின்பரோவுக்குக் கிடைத்தது.

ஆனால் ஆட்சிக்குழு வகுத்த விதிகளில் ஒரு நிபந்தனை இருந்தது. பெண்களுக்குத் தனி வகுப்பு. பேராசிரியர் விரும்பினால் நடத்துவார், விரும்பாவிட்டால் இல்லை. கட்டணத்தை அவரோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சிலரே படிக்கும் வகுப்பு என்பதால் ஆண்களைவிட மிக அதிகமாகவே அவர்கள் செலுத்த நேர்ந்தது.

இந்தத் தனி வகுப்பு முதலில் எப்படிப் பயன்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1870-இல் வேதியியல் தேர்வில், அவ்வாண்டு முதன்முறையாக எழுதியவர்களில் எடித் பீச்சி முதலிடம் பெற்றார். ஹோப் உதவித்தொகை அவருக்கு உரியது. அதைப் பேராசிரியர் அவருக்குத் தராமல், அவருக்கு அடுத்து வந்த ஆண்களுக்குக் கொடுத்தார். பெண்கள் தனி வகுப்பில் படித்ததால் பல்கலைக்கழக வகுப்பைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது காரணம். தனி வகுப்பைக் கட்டாயமாக்கியது பல்கலைக்கழகம். அதையே தகுதிக்குறைவாக எண்ணியதும் பல்கலைக்கழகம். அந்த உதவித்தொகைக்கு நிதி வந்த விதமும் வேடிக்கையானது. அரை நூற்றாண்டுக்கு முன் தாமஸ் சார்லஸ் ஹோப் என்ற பேராசிரியர் சீமாட்டிகளுக்காக வேதியியல் சொற்பொழிவுகள் நிகழ்த்தித் திரட்டிய பணம் அது. பெண்கள் கொடுத்த பணம் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு எதிர்ப்பு வலுத்தது. முன்னணியில் நின்றவர் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன்; நச்சியலில் பெரும் புகழ் பெற்றவர், ஸ்காட்லாந்தில் அரசியின் மருத்துவர், செனட்டஸிலும் ஆட்சிக்குழுவிலும் ஒருசேர இடம் பெற்றிருந்தவர். 1870 நவம்பர் 18 அன்று உடற்கூற்றியல் தேர்வு எழுதப் பெண்கள் ‘சர்ஜன்ஸ் ஹால்’ வாயிலை அடைந்தபோது, நூற்றுக்கணக்கானோர் கூடி வழியை மறித்துச் சேற்றை வாரி வீசினர். அவர்கள் முகத்தில் அறைந்தாற்போல் வாயிற்கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்த ஒரு மாணவர் கதவைத் திறந்துவிட, எப்படியோ நுழைந்து தேர்வு எழுதினர். நடுவில் ஓர் ஆட்டைத் தேர்வுக் கூடத்துக்குள் தள்ளிவிட்டார்கள். வகுப்பு நடத்திய ஹாண்டிசைட் அதை வெளியேற்றாமல் இருக்கவிட்டார். இந்த ரகளைக்குப் பின் ஊர் மக்களில் பலர் பெண்கள் பக்கம் சாய்ந்தனர்.

சோஃபியாவின் குணத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. எளிதில் சினம் கொள்பவர், விட்டுக்கொடுக்காதவர், பொது இடத்தில் நாவை அடக்கத் தெரியாதவர். 1871 ஜனவரியில் ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனைக்கு நன்கொடை தந்தோரின் கூட்டத்தில் எழுந்து, அந்தக் கலகத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் கிறிஸ்டிசனின் உதவியாளர்தான் என்றும், அவர் குடிபோதையில் இருந்ததாகக் கேள்வி என்றும் பேசிவிட்டார். உதவியாளர் 1,000 பவுண்டு இழப்பீடு கோரி அவதூறு வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, இழப்பீடாக ஒரு ஃபார்த்திங் தரச் சொன்னார்கள். ஒரு பவுண்டுக்கு 960 ஃபார்த்திங். அவருடைய மானத்துக்கு ஜூரிகள் போட்ட விலை அது. ஆனாலும் வழக்கில் தோற்றவர் என்ற முறையில் 915 பவுண்டுக்கு மேற்பட்ட செலவுத் தொகை சோஃபியாவின் தலையில் விழுந்தது. பொதுமக்கள் நன்கொடை திரட்டி அதை அடைத்தனர்.

இதற்கிடையே பெரிய நெருக்கடி நெருங்கிக்கொண்டிருந்தது. பல பேராசிரியர்கள் பெண்களுக்கு வகுப்பெடுக்க மறுத்தனர். வெளியே தகுதி வாய்ந்த ஆசிரியர்களிடம் படித்துக்கொள்ள அனுமதி கேட்டால், அதற்கும் விதி இடம் தரவில்லை. பட்டம் தருவது உறுதியா என்று கேட்டபோது, 1872 தொடக்கத்தில் ஆட்சிக்குழு ஒரு பேரம் பேசியது. பட்டம் என்ற கோரிக்கையை விட்டுவிட்டால் தேர்ச்சிச் சான்றிதழ் தருவது பற்றி யோசிக்கலாம். அந்தச் சான்றிதழைக் கொண்டு மருத்துவப் பதிவேட்டில் ஏற முடியாது. நான்காண்டு படிப்பின் பயன் சுவரில் மாட்டும் ஒரு தாள். சோஃபியாவும் உடன் பயின்றோரும் மறுத்து, வழக்குத் தொடுத்தனர்.

வழக்கு நடந்தது ‘கோர்ட் ஆஃப் செஷன்’ என்ற மன்றத்தில். நம் ஊர் செஷன்ஸ் கோர்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த உரிமையியல் நீதிமன்றம் அது. 1872 ஜூலையில் தனி நீதிபதி கிஃபோர்டு அளித்த தீர்ப்பு பெரும்பாலும் மாணவியர் பக்கம் இருந்தது. சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் அவர்கள் படிப்பை முடிக்க வழி செய்ய வேண்டும், முடித்தால் பட்டம் பெறும் உரிமை உண்டு என்பது அதன் சாரம். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது.

அந்த இடைவெளியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1872 அக்டோபரில் முதல் தொழிற்தேர்வில் சோஃபியா தோல்வியடைந்தார். தேர்வாளர்கள் வேண்டுமென்றே தோற்கடித்தனர் என்று குற்றம் சாட்டினார். விடைத்தாள்களைப் பார்த்த உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி, பெண் கல்விக்கு ஆதரவானவராக இருந்தும், தேர்வாளர்கள் தவறிழைக்கவில்லை என்றே கருதினார். வழக்கு, கூட்டம், நிதி திரட்டல், கடிதம் என்று பகலெல்லாம் அலைந்தவர் எப்போது படித்திருப்பார்? தொண்டர்கள் எழுதும் வரலாறுகளில் இந்தத் தோல்வி ஒரு வரியில் கடந்து போகும். எனக்கு அதுதான் முக்கியமாகப்படுகிறது. உரிமைக்காகப் போராடும் மாணவர் படிப்பில் பின்தங்குவதும், அந்தப் பின்னடைவே அவருக்கு எதிரான சான்றாவதும் இன்றும் நடக்கின்றன.

1873 ஜூன் 27 அன்று முழு அமர்வு தீர்ப்பளித்தது. நீதிமன்றத் தலைவர் இங்கிலிஸ் அப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். வழக்கில் எதிர்வாதிகளுள் வேந்தரும் ஒருவர் என்பதால் அவர் வாக்களிக்காமல் ஒதுங்கினார். எஞ்சியோரில் பெரும்பான்மையினர் மாணவியருக்கு எதிராக முடிவு செய்தனர். கணிசமான எண்ணிக்கையில் மாறுபட்டும் எழுதினர். பெரும்பான்மையோரில் ஒருவரான நீவ்ஸ் பிரபு, கடும் மூளை உழைப்புக்குப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே தகுதி பெற்றவர்கள் என்றும், பெண்களுக்கு வீட்டுக் கலைகளைக் கற்கும் கடமை வேறு இருக்கிறது என்றும் விரிவாகவே எழுதிவைத்தார். இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் மாணவியரைத் தோற்கடித்தது அந்தக் கருத்து அன்று. நுட்பமான வேறொரு வாதம்.

வாதம் இதுதான். பல்கலைக்கழகம் தோன்றிய நாளிலிருந்து ஆண்களுக்காகவே நடந்து வந்திருக்கிறது. பெண்களைச் சேர்ப்பது அதன் அடிப்படையையே மாற்றுவதாகும். அந்த மாற்றத்தைச் செய்ய ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் இல்லை. எனவே 1869-இல் அது இயற்றிய விதிகள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. செல்லாத விதியின்கீழ் சேர்ந்தவர்களுக்குப் பட்டம் கேட்கும் உரிமை எப்படிப் பிறக்கும்? ஆக, பல்கலைக்கழகம் தன் தவறையே தனக்குக் கேடயமாக்கிக்கொண்டது. தன் அதிகார எல்லையை அறிந்திருக்க வேண்டியது யார்? வேந்தரும் அறிஞர்களும் சட்ட ஆலோசகர்களும் நிறைந்த நிறுவனமா, கட்டணம் செலுத்தி வகுப்பில் உட்கார்ந்த பெண்ணா? அறியாமையின் விலையைத் தீர்ப்பு அந்தப் பெண்ணிடமே வசூலித்தது. மெய்யாகவே வசூலித்தது. வழக்குச் செலவாக 848 பவுண்டுக்கு மேல் மாணவியர் தலையில் விழுந்தது. நான்கு ஆண்டுகள், கட்டணம், அவதூறு வழக்கின் செலவு, இந்தச் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், மீட்க முடியாத முதலீடு என்று எங்கள் துறையில் சொல்வதன் பொருள் விளங்கும்.

நம் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியை வேறு விதமாக அணுகியிருக்கிறது. 1976-இல் குருக்ஷேத்திரா பல்கலைக்கழக வழக்கில், வருகைப் பதிவு குறைந்த சட்ட மாணவரைத் தேர்வெழுத அனுமதித்துவிட்டு, பிறகு அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்றது. ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை; மாணவர் மோசடி செய்யாதவரை பழி அவர் மேல் விழாது. 1990-இல் பெர்ஹாம்பூர் பல்கலைக்கழக வழக்கிலும், சேர்த்துக்கொண்டு தேர்வெழுதவிட்ட பின் தகுதியில்லை என்று முடிவை நிறுத்திவைப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்ட மொழியில் இதை ‘எஸ்டாப்பல்’ என்பர். சொன்னதை நம்பி ஒருவர் நடந்த பிறகு சொல்லை மாற்றத் தடை. எப்போதும் மாணவர் வென்றுவிடுகிறார் என்று எண்ண வேண்டாம். அனுமதி பெறாத மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களைத் தேர்வெழுத விடும்படி உத்தரவிட 1986-இல் இதே நீதிமன்றம் மறுத்தது. அங்கே பல்கலைக்கழகம் எச்சரித்திருந்தது. தவறு எவருடையது என்ற கேள்வியையாவது நம் நீதிமன்றங்கள் கேட்கின்றன. எடின்பரோவில் அக்கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

தீர்ப்பை எதிர்த்து மேலே போகாமல், சோஃபியா போர்க்களத்தை மாற்றினார். சட்டம் இல்லை என்றால் சட்டம் இயற்றச் சொல்வோம் என்று லண்டனுக்குப் போனார். 1874 அக்டோபரில் அவருடைய முயற்சியால் லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளி 14 மாணவியருடன் தொடங்கியது. பள்ளி இருந்தது, தேர்வு நடத்திப் பதிவேட்டில் ஏற்ற ஆளில்லை. அறுவை மருத்துவர் ராயல் கல்லூரி மகப்பேற்று உரிமத் தேர்வு ஒன்றை நடத்தி வந்தது. சோஃபியாவும் பீச்சியும் தார்னும் அதற்கு விண்ணப்பித்தனர். மறுக்கச் சட்டத்தில் வழியில்லை என்று தெரிந்ததும், தேர்வாளர்கள் அனைவரும் பதவி விலகிவிட்டார்கள். தேர்வே நடக்கவில்லை. மூன்று பெண்களுக்குக் கேள்வித்தாள் கொடுப்பதைவிட வேலையை விடுவது மேல் என்று நினைத்திருக்கிறார்கள்.

1876 ஆகஸ்டில் ரஸ்ஸல் கர்னி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. உரிமம் வழங்கும் அமைப்புகள் விரும்பினால் பெண்களுக்கும் வழங்கலாம் என்றது அது. வழங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. இனி அதிகாரம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது; அந்த ஒன்றுதான் சட்டத்தின் ஆதாயம், அதுவே போதுமானதாக இருந்தது. டப்ளினில் இருந்த மருத்துவர் கல்லூரி முதலில் கதவைத் திறந்தது. 1877 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற சோஃபியா, சில மாதங்களில் டப்ளின் தேர்வையும் முடித்துப் பதிவேட்டில் ஏறினார். வயது 37.

அவர் உருவாக்கிய லண்டன் பள்ளியின் கௌரவச் செயலர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. சாந்தமான இசபெல் தார்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பணிக்காகத் தார்ன் மருத்துவராகும் ஆசையையே துறந்தார். எழுவரில் இவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

எடித் பீச்சி 1883-இல் பம்பாய்க்கு வந்து காமா மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். தம் மீது திணிக்கப்பட்ட குழந்தைத் திருமணத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் நின்ற ருக்மாபாய்க்கு அவர் துணை நின்றார். ருக்மாபாய் பின்னர் லண்டன் மகளிர் பள்ளியில் படித்து மருத்துவராகத் திரும்பினார். சென்னையிலும் ஓர் இழை உண்டு. எடின்பரோ தீர்ப்பு வந்து இரண்டே ஆண்டுகளில், 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் இங்கே படிப்பை முடித்த பிறகு, லண்டன் பள்ளிக்குச் சென்று மேலே படித்து, 1882-இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அவரது வருகை சோஃபியா தொடங்கிய பள்ளிக்கும் பெருமை சேர்த்தது.

சோஃபியா 1878-இல் தம்மைத் துரத்திய எடின்பரோவுக்கே திரும்பினார். நகரின் முதல் பெண் மருத்துவராகத் தொழில் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கு மருந்தகம் நடத்தி, அதை மருத்துவமனையாக வளர்த்தார். 1886-இல் மகளிருக்கென ஒரு மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இனி வருவது அவர் வாழ்வின் சங்கடமான அத்தியாயம்.

பள்ளியில் அவர் வகுத்த ஒழுங்குவிதிகள் கடுமையானவை. பயிற்சிக்கு இடம் தந்த லீத் மருத்துவமனையோடு சிறு உரசலும் வரக் கூடாது என்ற அச்சம் அவருக்கு. வார்டில் குறித்த நேரத்துக்கு மேல் இருந்ததற்காகச் சில மாணவியரைக் கண்டித்தார். அது மனக்கசப்பாக முற்றி, கேடல் என்ற சகோதரிகள் இருவரைப் பள்ளியிலிருந்து நீக்கினார். அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1889-இல் வென்றனர், 50 பவுண்டு இழப்பீடும் கிடைத்தது. கட்டணம் வாங்கிச் சேர்த்துக்கொண்டு பாதியில் வெளியே தள்ளியது தவறு என்று நீதிமன்றத்தில் நிறுவப்பட்டபோது, இம்முறை எதிர்வாதிக் கூண்டுக்கு உரியவர் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக். மாணவியர் பலர் விலகினர். நைனிதாலில் பிறந்த எல்சி இங்கிலிஸ் என்ற மாணவி தந்தையின் உதவியுடன் போட்டியாக இன்னொரு கல்லூரியையே தொடங்கினார். சோஃபியாவின் பள்ளி 1898-இல் மூடப்பட்டது.

இந்த வழக்கைச் சுட்டிக்காட்டி அவரை எளிதாகக் கேலி செய்யலாம். எனக்கு அந்த மனம் வரவில்லை. நாற்காலியின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவுடன் விதியின் அழகு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. எதிரே நிற்பவரின் இழப்பு கணக்கில் சிறுத்துவிடுகிறது. அவருக்கே அப்படி நேர்ந்தது என்றால், எந்தக் கதவிலும் முட்டிக்கொள்ளாமல் பேராசிரியரான என்னைப் போன்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1889-இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களுக்கான புதிய சட்டம் வந்தது. 1892 முதல் பெண்களும் பட்டம் பெறலாம் என்றாயிற்று. 1894-இல் எடின்பரோ மருத்துவத் தேர்வுகளில் பெண்களை அனுமதித்தது. அப்போதும் வகுப்பறைகள் திறக்கவில்லை. வெளியே படித்துவிட்டு வந்து தேர்வெழுதிப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். ஒருகாலத்தில் சோஃபியா கெஞ்சிக் கேட்டு மறுக்கப்பட்ட ஏற்பாடு அதுதான். 1899-இல் ஓய்வு பெற்று, தோழி மார்கரெட் டாடுடன் சசெக்ஸ் கிராமம் ஒன்றில் பண்ணை வீட்டில் வாழ்ந்தார். டாடும் மருத்துவர், நாவலாசிரியர். வேதியியலில் நாம் வழங்கும் ‘ஐசோடோப்’ என்ற சொல்லை உருவாக்கித் தந்தவர் அவரே. 1912 ஜனவரி 7 அன்று சோஃபியா காலமானார். முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றதும் அதே 1912-இல்தான்.

2019 ஜூலை 6 அன்று எடின்பரோ பல்கலைக்கழகம் எழுவருக்கும் மறைவுக்குப் பிந்தைய கௌரவ மருத்துவப் பட்டம் வழங்கியது. அவர்கள் பதிவு செய்துகொண்ட ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 150 ஆண்டுகள். அப்போது அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஏழு மாணவியர் மேடையேறி, அவர்கள் சார்பில் பட்டங்களைப் பெற்றுக்கொண்டனர்.

எங்கள் மாணவி அவ்வளவு காலம் காத்திருக்க நேரவில்லை. உயர் நீதிமன்றம் மூன்றாம் ஆண்டில் பட்டத்தை வழங்க உத்தரவிட்டது. அதற்குள் அவர் தேர்வாகியிருந்த ஆசிரியர் பணி வேறொருவருக்குப் போய்விட்டது. பட்டமளிப்பு விழாவும் முடிந்திருந்தது. தேர்வுப் பிரிவு அலுவலகத்தில் ஒரு வேலையாக நான் நின்றிருந்த நாளில், ஜன்னல் வழியே கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடம் சான்றிதழைக் கொடுத்தார்கள். பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்தார். இருந்தது. திருத்தித் தர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார் எழுத்தர்.